ஹவுழைக் கழுவிய ஊரில் கலந்தர் மாஸ்டர்

கலந்தர் மாஸ்டர் மௌத்தாகிவிட்டார் என்று எனக்குச் சொன்னது எங்கள் பள்ளிவாசல் ஒலிபெருக்கி. கல்முனைச் சந்தையில் மீன் வாங்கிக்கொண்டு நின்றேன். அங்கு வரைக்கும் கேட்டது. ஊருக்குக் கல்விக் கண் திறந்தவர், பண்பாளர், எல்லோரையும் அணைத்துப் போனவர் என்று அடுக்கிக்கொண்டே போனார்கள். மீன்காரர் கத்தியை வைத்துவிட்டு, "எங்கட மாஸ்டர் போயிட்டாரே சேர். தங்கமான மனிசன்" என்றார். மாஸ்டருக்கு மட்டும் மீன் பையைக் கையில் கொடுக்காமல் பலகையில் வைத்து இரண்டு விரலால் தள்ளிவிட்டவர் இந்த மனிதர்தான்.  அறுத்த மீனை அப்படியே விட்டுவிட்டு வந்துவிட்டேன்.

பாடசாலையின் நினைவு மலருக்கு நாலு நல்ல வார்த்தை எழுதித் தரும்படி கேட்டிருக்கிறார்கள். அவரை அறிந்தவர்கள் படிக்கப்போகும் மலர் இது. அவரை நீங்கள் எப்படி அறிந்திருந்தீர்கள் என்பதை நானும் அறிவேன். ஆகவே நல்ல வார்த்தை அவருக்கு மட்டும்தான். உங்களுக்கு என்னிடம் இல்லை.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அவர் ஒலிபெருக்கி சொன்ன மாதிரியான மகான், அவுலியா ஒன்றும் இல்லை. சமூகக்கல்வி படிப்பித்தார். கோபம் மூக்கு நுனியில் இருக்கும். இரவல் வாங்கிய குடையைத் திருப்பித் தந்ததாகச் சரித்திரமே இல்லை. ஆசிரியர் அறையில் கரம் போர்ட் விளையாடினால் கள்ளம் செய்வார், பிடித்தால் சத்தம் போடுவார். சாப்பாட்டில் அப்படி ஒரு பிரியம். கலியாண வீட்டில் பெரிய தட்டில் சோறும் கறியும் குவித்துச் சஹன் வந்து இறங்கி, ஆறு பேர் சுற்றி உட்கார்ந்து கை வைக்கிற நேரம் அவர் முகத்தைப் பார்க்க வேண்டும். "தனிப் பீங்கானில தின்னுறது தீன் இல்ல சேர், மருந்து" என்பார்.

பாடசாலையில் இரத்ததானம் நடந்தால் முதல் ஆளாகப் படுப்பவரும் அவர்தான். கொடுத்துவிட்டு ஒரு கிழமைக்கு அதைச் சொல்லித் திரிவார். எண்பதுகளின் தொடக்கத்தில் அப்படி ஒரு தடவை கொடுத்த பிறகு, ஆசுப்பத்திரிக்கு வரும்படி அவருக்கு ஆள் வந்தது. துணைக்கு, கூடப் படிப்பித்த என்னையும் இழுத்துக்கொண்டு போனார்.

டொக்டர் வெளியூர்க்காரர், இளம் பிள்ளை. "மாஸ்டர், உங்கட இரத்தத்தில ஈரலைத் தாக்கிற கிருமி ஒண்டு இருக்கு. செங்கமாரியில ஒரு வகை. ஹெப்படைட்டிஸ் பி எண்டு சொல்லுவம். இனி நீங்க இரத்தம் குடுக்கக் கூடாது" என்றார்.

"எனக்குச் செங்கமாரி வந்ததே இல்லையே."

"வெளியில காட்டாமலே கன வருசம் கிடக்கும்."

 மாஸ்டர், வகுப்பில் பிள்ளைகளைக் கேட்பதுபோல் ஒவ்வொன்றாகக் கேட்டார். "புள்ளைகளோட ஒரு பீங்கானில தின்னலாமா?"

"தின்னலாம்."

"சஹன்ல?"

"அதிலயும்தான்."

"பள்ளி ஹவுழ்த் தொட்டியில எல்லாரோடயும் கை கால் கழுவி வுழூ எடுக்கலாமா? ஸலாம் சொல்லிக் கை குடுக்கலாமா?"

"எடுங்க, குடுங்க, கட்டிப் பிடியுங்க. தண்ணியாலயும் சாப்பாட்டாலயும் வாற செங்கமாரி வேற. இது அப்பிடி வராது. இருமினாலும் தும்மினாலும் வராது. இது இரத்தத்தோட வாறது. ஒராளுக்குக் குத்தின ஊசிய மற்றவருக்குக் குத்தினா வரும். சவரக்கத்தி, பல் பிரஷ் மாறினாலும் வரலாம். புருசன் பெண்சாதிக்குள்ள வரலாம். தாய்க்கு இருந்தா, பிறக்கிற நேரம் பிள்ளைக்கு வரும். உங்கட மனுசியயும் கூட்டிட்டு வாங்க, சோதிப்பம்." பிறகு கேட்டார்: "சின்ன வயசில ஒரு கத்திய கன பேருக்குப் பாவிச்சது ஞாபகம் இருக்கா?"

அந்த நேரத்திலும் மாஸ்டருக்குச் சிரிப்பு வந்தது. "டொக்டர், எங்கட ஊரில ஆம்புளை எண்டு திரியிற எல்லாரும் ஒரே கத்திக்கு வந்தவங்கதான்."

திரும்பி வரும்போது பஸ்ஸில் சொன்னார். அவருக்குச் சுன்னத்து நடந்தது மாமா வீட்டு முற்றத்தில். உறவுப் பையன்கள் எல்லோருக்கும் ஒரே நாளில். கவிழ்த்த உரலில் ஒருவனை இருத்தி, வேலை முடிந்ததும், சுன்னத்து வைக்கும் ஒஸ்தா கத்தியைத் தன் சாரத்தில் துடைத்துவிட்டு அடுத்தவனைக் கூப்பிடுவாராம். மாஸ்டருக்கு முன்னால் அந்த உரலில் இருந்தவர் மாமாவின் மகன் இபுறாலெவ்வை. பின்னாளில் பள்ளிவாசல் நிர்வாகத்தில் மரைக்காராகிய அதே இபுறாலெவ்வைதான். அந்தக் கத்தியால்தான் வந்தது என்று சத்தியம் பண்ண முடியாது என்று டொக்டரும் சொல்லியிருந்தார். சலூன் கத்தியாக இருக்கலாம், காய்ச்சலுக்கு ஊசி குத்திய பரியாரியாக இருக்கலாம். ஆனால் மாஸ்டரின் மனதில் அந்த உரல் ஏறிக்கொண்டது. "என்னைப் பத்தி இல்ல சேர். எனக்கு முன்னால இருந்தவனுக்கும் இரிக்குமே, அதத்தான் யோசிக்கிறன்" என்றார்.

மாஸ்டரின் மனைவிக்கு ஒன்றும் இல்லை என்று வந்தது. அந்த நிம்மதி ஒரு மாதம்கூட நிலைக்கவில்லை. ஆசுப்பத்திரியில் யாரோ வாயைத் திறந்துவிட்டார்கள். ஊர்வாயை மூட உலைமூடி இல்லை. மாஸ்டருக்கு "கெட்ட இரத்தம்" என்று மருதமுனை வரைக்கும் கதை போனது.

சாய்ந்தமருதில் ஒரு கலியாணம். சஹன் வந்து இறங்கியது. மாஸ்டர் பிஸ்மி சொல்லிக் கையை வைத்தார். எதிரே இருந்த இபுறாலெவ்வை மரைக்கார், "எனக்கு வயிறு சரியில்ல" என்று எழும்பினார். அவர் எழும்பியதும் மற்ற நாலு பேருக்கும் ஒரே நேரத்தில் வயிறு சரியில்லாமல் போய்விட்டது. அவர்கள் போய் வேறு சஹன்களில் நெருக்கியடித்து உட்கார்ந்து, வயிறு நிறையத் தின்றதை நான் கண்ணால் கண்டேன். ஆறு பேருடைய சோற்றுக்கு முன்னால் மாஸ்டர் தனியாக இருந்தார். நான் என் இடத்தை விட்டுப் போய் அவருக்கு எதிரே உட்கார்ந்தேன். இரண்டு பேரும் தின்றோம். பாதிக்கு மேல் முடியவில்லை. கை கழுவும்போது அவர் சொன்னது இது: "சோத்துக்குத் தெரியும் சேர், என்ட நோய் தன்னில ஒட்டாதெண்டு. மனிசனுக்குத்தான் தெரியா."

பிறகு என்னென்ன செய்தீர்கள் என்று நான் சொல்லித்தான் உங்களுக்குத் தெரிய வேண்டும் என்பதில்லை. ஆசிரியர் அறையில் அவருடைய தேநீர்க் கோப்பையின் அடியில் சிவப்புப் பெயின்ட் பூசினீர்கள். பட்டம் பெற்றவர்கள், விஞ்ஞானம் படிப்பிப்பவர்கள் உட்படத்தான். ஸலாம் சொல்லும்போது கையை நெஞ்சில் வைத்து நழுவப் பழகினீர்கள். பிறகு வானொலியில் எயிட்ஸ் பற்றிச் சொல்லத் தொடங்கியதும், இதுதான் அது என்று முடிவு கட்டினீர்கள். கொழும்பைத் தாண்டி ஓர் ஊரைக் காணாத மனிதரைப் பற்றி, சவூதிக்குப் போய் வாங்கி வந்தார் என்றுகூட ஒருவர் கதைத்தார். இது அதுவல்ல. அதுவாகவே இருந்திருந்தாலும் கோப்பையாலும் கையாலும் வருவதில்லை என்று அதே வானொலி சொன்னது. அந்த இடம் வந்ததும் உங்கள் காது அடைத்துக்கொண்டது போலும்.

எனக்கு இன்னும் ஆறாதது பள்ளிவாசல் சுன்னத்துதான். விடுமுறையில் ஏழைப் பிள்ளைகளுக்கு ஒரே நாளில் பள்ளி முற்றத்தில் செய்வதென்று மரைக்கார் ஏற்பாடு செய்தார். நல்ல காரியம் என்பதால் அவருடைய பேரனையும் அந்த வரிசையில் இருத்துவதாகச் சொன்னார். மாஸ்டர் நிர்வாகத்திடம் போனார். நானும் கூடப் போனேன். அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான். "ஒவ்வொரு புள்ளைக்கும் புது பிளேட் எடுக்கச் சொல்லுங்க. ஏலாட்டி, ஒவ்வொரு தடவயும் கத்திய நல்லாக் கொதிக்கிற தண்ணியில போட்டு அவிச்செடுக்கச் சொல்லுங்க. இரத்தம் இரத்தத்தில படாம இரிந்தாப் போதும்."

மரைக்கார் அவர் முகத்தைப் பார்க்காமல் என்னைப் பார்த்துச் சொன்னார். "எங்கட வாப்பாமார், மூத்தவாப்பாமார் எல்லாருக்கும் இந்தக் கத்திதான். ஆரும் சாகல்ல. நோய்காரன் ஊருக்கு மருந்து சொல்ல வேணாம்."

"சாகல்ல எண்டு உனக்கென்னடா தெரியும்? ஈரல் வெடிச்சிச் செத்தவனை எல்லாம் கண்ணூறு எண்டு அடக்கிப்போட்டு..." என்று மாஸ்டர் தொடங்கினார். கையைப் பிடித்து வெளியே கூட்டி வந்தேன். வெளியே வந்தவர், லுஹருக்கு நேரமாகிவிட்டதால், ஹவுழில் வுழூ எடுத்துத் தொழுதுவிட்டுப் போனார்.

சுன்னத்து நாளன்று காலையில் போய்ப் பார்த்தால் ஹவுழில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. மாஸ்டர் காலும் கையும் கழுவிய தண்ணீர் என்று முழுவதையும் இறைத்துக் கொட்டிவிட்டு, நாலு பேர் உள்ளே இறங்கிப் பிரஷ் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தார்கள். பக்கத்திலேயே, அதே முற்றத்தில், ஒஸ்தா ஒரு பிள்ளையை முடித்துவிட்டு, கத்தியை ஒரு துணியில் துடைத்தார். அடுத்த பிள்ளைக்கும் அதே கத்தி. அதே துணி. துணி சிவந்து போயிருந்தது. சுற்றி நின்றவர்கள் ஸலவாத்துச் சொன்னார்கள். நோய் வராத தண்ணீரைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவிக்கொண்டு, நோய் வரக்கூடிய கத்தியைப் பிள்ளைக்குப் பிள்ளை கைமாற்றிக்கொண்டிருந்தீர்கள். அன்று எனக்கு வந்த அருவருப்பு இதை எழுதும்போதும் போகவில்லை.

ஒஸ்தாவை நான் குறை சொல்ல மாட்டேன். அவருக்கு யாரும் சொல்லவில்லை. சொல்ல வந்தவரை விரட்டியவர்கள் நீங்கள்.

இத்தனைக்குப் பிறகும் மாஸ்டர் மரைக்காரின் வீடு தேடிப் போனார். ரோசமில்லையா என்று நான் திட்டினேன். "ரோசம் கெடக்கட்டும். என்ட மச்சான் அவன்" என்றார். வாசலில் நின்றபடி சொன்னாராம்: "இபுறா, அந்த உரல்ல எனக்கு முதல் நீதான் இரிந்த. ஒருக்கா இரத்தத்தக் காட்டு. ஒண்டுமில்லாட்டி சந்தோசம்." மரைக்கார் கதவைச் சாத்திக்கொண்டார். தான் கால் வைத்த படியில் தண்ணீர் ஊற்றிக் கழுவும் சத்தம் ஒழுங்கைக்குத் திரும்பும் வரை கேட்டதென்று மாஸ்டர் சிரித்துக்கொண்டே சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

கடைசியில் ஈரல்தான் அவரைக் கொண்டு போனது. வயிறு வீங்கி, கண் மஞ்சளாகி, சஹன் சஹனாகத் தின்ற மனிதருக்குக் கஞ்சியும் இறங்காமல் போனது. போவதற்குச் சில நாட்களுக்கு முன் என்னைக் கிட்ட வரச் சொன்னார். "சேர், இபுறாக்கும் ஒரு நாளைக்கு இது வந்தா, அவன்ட சஹன்லயும் ஊர் ஒழும்பும். நீங்க ஒழும்பிடாதீங்க." எனக்கு ஆத்திரம் வந்தது. அவனோடு நான் எதற்கு உட்கார வேண்டும் என்று கேட்டேன். "அவனுக்காக இல்ல. சோத்தால வராதெண்டு தெரிஞ்சவன் நீங்க ஒராள்தானே" என்றார்.

மௌத்தான மாஸ்டரின் மையத்தைக் குளிப்பாட்டியது அவருடைய இரண்டு மகன்மாரும் நானும். டொக்டர் தந்த கையுறைகளைப் போட்டுக்கொண்டோம். எங்கள் கையில் வெட்டுக்காயம் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டோம். அவ்வளவு போதுமாயிருந்தது. பண்பாளர் என்று ஒலிபெருக்கியில் சொன்னவர்கள் படலைக்கு வெளியே நின்றார்கள்.

போன வெள்ளிக்கிழமை அவர் வீட்டில் அவருக்காகக் கத்தம் ஓதிச் சோறு கொடுத்தார்கள். இப்போது பயம் போய்விட்டது போலும், ஊரே வந்திருந்தது. அவர் வீட்டுச் சோறு, அவர் வீட்டுச் சஹன், ஒருவருக்கும் வயிறு கோளாறு இல்லை. இபுறாலெவ்வை மரைக்காரும் வந்தார். அவரை நான் பார்த்துச் சில மாதங்கள் ஆகியிருந்தன. சட்டைக்குள் வயிறு முட்டிக்கொண்டு நின்றது. கண்ணைப் பார்த்தேன். அந்த மஞ்சளை நான் முன்பே பார்த்திருக்கிறேன். அவர் ஒரு சஹனில் உட்கார்ந்தார். சுற்றி உட்கார வந்தவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். ஒருவர் செருப்பைத் தேடினார். மற்றவர் தண்ணீர் எடுத்து வருவதாகப் போனார், வரவில்லை.

எனக்கு அவர்மேல் இரக்கம் வந்தது என்று எழுதினால் அது பொய்.  அந்த மனிதரோடும், நழுவிப் போனவர்களோடும், இந்த ஊரோடும் ஒன்றாகச் சோறு தின்ன எனக்கு மனமே இல்லை. ஆனாலும் போய் எதிரே உட்கார்ந்து, பிஸ்மி சொல்லி, அவர் கை வைத்த சோற்றில் என் கையை வைத்தேன்.

 அவர் குனிந்து சோற்றைப் பிசைந்தபடியே, பக்கத்தில் யாருக்கும் கேட்காத குரலில், "சேர், அண்டைக்குப் பள்ளி முத்தத்தில என்ட பேரனும் இரிந்தவன்" என்றார். "அவனயும் காட்டணுமா?"

"ஓம்" என்றேன். "நாளைக்கு விடிய ஆசுப்பத்திரிக்குக் கூட்டிட்டு வாங்க. நானும் வாறன்."

கலந்தர் மாஸ்டரின் குடையோ கைக்கடிகாரமோ என்னிடம் இல்லை. சலூனுக்குப் போகும்போது சட்டைப் பையில் ஒரு புது பிளேட் கொண்டு போகிறேன், அது அவர் தந்த பழக்கம். அருவருப்போடாவது ஒரு சஹனை விட்டு எழும்பாமல் இருக்க என்னால் முடிகிறது. அதுவும் அவர் தந்ததுதான்.