இடம் மாறிய பிரேக்

பணிமனையில் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் அவரே திரும்பிப் பார்க்க மாட்டார். ‘பிரேக்கு’ என்றால்தான் வருவார். பேருந்துகளுக்கு பிரேக் பார்த்தே தலை நரைத்தவர். தான் கை வைத்த வண்டி நிற்காமல் போனதில்லை என்பதில் மனிதருக்குக் கொஞ்சம் தலைக்கனம் உண்டு. பழுதைக் கண்டால் அங்கேயே சரிசெய்துவிடுவார். ஓட்டுநரிடம் ஒரு வார்த்தை சொல்ல மாட்டார். “மிதிச்சா நிக்கணும். மத்ததெல்லாம் அவனுக்கு எதுக்கு?” என்பார்.

அவர் மனைவி தெருமுனையில் சின்னதாக அழகு நிலையம் வைத்திருக்கிறாள். புருவம் திருத்துவதில் கெட்டிக்காரி. நூலைப் பல்லில் கடித்து விரல்களில் சுற்றினால், கூட்டிப் பெருக்குகிற வேகத்தில் வேலை நடக்கும். ஒரு முடிகூடப் பிசகாது. கல்யாணப் பெண்கள் தேதி குறித்ததும் முதலில் அவளிடம்தான் சொல்லி வைப்பார்கள்.

வேலைக்குப் போன மகள், “பஸ்ஸத் தவிர வேற எதையாவது பாருங்கப்பா” என்று இருவரையும் வெளிநாட்டுக்கு சைக்கிள் பயணம் அனுப்பி வைத்தாள். ஆற்றோரமாகவே ஊர் ஊராகப் போகிற பயணம். மனைவி அதுவரை சைக்கிளைத் தொட்டதே இல்லை. வாடகைக் கடையின் முற்றத்தில்தான் கற்றுக்கொண்டாள். கடைக்காரர் அவள் வலது கையைத் தட்டிக்காட்டி, பின்சக்கரத்தைக் காட்டி, இதைத்தான் பிடிக்க வேண்டும் என்று சைகையிலேயே பாடம் நடத்தினார். போகிற வழியெல்லாம் “வலது கை, வலது கை” என்று அவள் முணுமுணுத்துக்கொண்டே வந்தாள்.

பிரேக்குக்கு அதுதான் பொறுக்கவில்லை. அவர் ஊரில் வலது கை பிரேக் என்றால் முன்சக்கரம். இந்த ஊரில் எல்லாம் தலைகீழ். பழக்கதோஷத்தில் இரண்டு தடவை அவரே விழப் பார்த்தார். மறுநாள் காலை அவள் குளித்துக்கொண்டிருந்தபோது, விடுதி வாசலில் குந்தி உட்கார்ந்து இரண்டு சைக்கிளிலும் பிரேக் கம்பிகளைத் தன் ஊர் வழக்கப்படி இடம் மாற்றி முடுக்கினார். கையைக் கழுவிக்கொண்டு ஒன்றும் நடக்காததுபோல் சாப்பிடப் போனார். சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்றே அவருக்குத் தோன்றவில்லை.

முதல் இறக்கத்திலேயே அவள் வலது கை பிரேக்கை இறுக்கிப் பிடித்தாள். முன்சக்கரம் இறுகி, சைக்கிள் நின்றது. அவள் நிற்கவில்லை.

முழங்கைக்கு மேலே எலும்பு முறிந்து, வலது கை தொங்கிப்போனது. ஆம்புலன்ஸில் அவள் அழவில்லை. “நான்தான் எதையோ மாத்திப் புடிச்சிட்டேன் போல,” என்றாள். அவர் ஜன்னலைப் பார்த்தார். மகள் போனில், “எப்படிப்பா விழுந்தாங்க?” என்று கேட்டபோது, “சறுக்கல்” என்றார். சொன்ன வாயைத் தைத்துவிடலாம் போலிருந்தது.

மருத்துவமனையில் அவரிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. அதுவே அவரை வதைத்தது. எங்காவது ஒரு திருகாணி தளர்ந்திருந்தால் முடுக்கலாம். இங்கே பளபளவென்று எல்லாம் சரியாக இருந்தது. அவர் மட்டும் வேண்டாத சாமான்போல் தாழ்வாரத்தில் கிடந்தார். அறுவைச் சிகிச்சை முடிந்து நர்ஸ் வந்து போனில் பேச, போன் அதைத் தமிழாக்கி வானிலை அறிக்கை வாசிக்கிற குரலில் சொன்னது: “எலும்பு இணைக்கப்பட்டது. நரம்பு நசுங்கியுள்ளது. மயக்க மருந்து தெளிந்தபின் விரல்களைக் கிள்ளிப் பார்க்கவும். உணர்வு வரலாம். வராமலும் போகலாம்.”

“வராட்டி என்ன பண்றது?” என்று போனிடம் கேட்டார். அது அதை என்னவாக மாற்றியதோ, நர்ஸ் ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். அவர் அதையும் குடித்தார்.

சாயங்காலம் மருந்து தெளிந்திருக்கும் என்றார்கள். அவள் விழித்துப் படுத்திருந்தாள். கட்டுக்கு வெளியே விரல்நுனிகள் மட்டும் தெரிந்தன.

“அடுத்த வாரம் கல்யாணப் பொண்ணு ஒண்ணு வரும்,” என்றாள். “வேற ஆள் பாத்துக்கச் சொல்லணும். அதுக்கடுத்த மாசத்துக்கும் சொல்லணுமான்னுதான் தெரியல.”

அதற்குமேல் அவரால் தாங்க முடியவில்லை. “நீ மாத்திப் புடிக்கல. நான்தான் மாத்தி வெச்சேன். காலைல. ரெண்டு சைக்கிள்லயும். உன்கிட்ட சொல்லல.”

அவள் திட்டுவாள் என்று காத்திருந்தார். திட்டினால் நன்றாக இருந்திருக்கும்.

“அப்போ நான் சரியாத்தான் புடிச்சிருக்கேன்,” என்றாள் மெதுவாக. அவள் முகத்தில் ஒரு நிம்மதிகூடத் தெரிந்தது.

“சரி விடுங்க. நர்ஸ் சொன்னாங்களாமே, கிள்ளிப் பாருங்க. நான் பாக்க மாட்டேன். பாத்தா வலிக்கிற மாதிரியே இருக்கும்.” கண்ணை மூடிக்கொண்டாள்.

அவர் அவளுடைய ஆள்காட்டி விரலை எடுத்தார். மெல்லக் கிள்ளினார். பிறகு கொஞ்சம் அழுத்தி. பிறகு, இத்தனை வருஷம் இரும்பைத் திருகிய விரல்களின் பலத்தையெல்லாம் கொடுத்தார். நகம் பதிந்து தோல் வெளுத்தது.

“என்னங்க,” என்றாள் அவள், கண்ணைத் திறக்காமல். “பயப்படாம கிள்ளுங்க.”