நிரம்பி வடியும் நேரம்

வாழைச்சருகு அள்ளும்போது புடையன் பாம்பு கடித்தது காலில், நின்றுபோனது சிறுநீர்.

விஷமுறிவு மருந்து உயிரைக் காத்தது. ஆனால், ஆஸ்பத்திரிக் கட்டிலில் எனக்கு முகம் ஊதிக்கொண்டே வந்தது. சிறுநீர்ப் போத்தல் வெறுமையாகக் கிடந்தது.

திடீர்ச் சிறுநீரகச் செயலிழப்பு (சிறுநீரகம் சடுதியாக ஓய்ந்துபோதல், பெரும்பாலும் மீளக்கூடியது) என்றார் டொக்டர். அது மீளும்வரை கழிவை வேறு வழியால் அகற்ற வேண்டும். இரத்தத்தை வெளியே எடுத்து, இயந்திரத்தில் வடித்துத் திருப்பி ஏற்றலாம். அதற்குக் கொழும்பு போகவேண்டும்; போரால் தரைப்பாதை மூடிக்கிடந்ததால், கிளாலிக் கடல்நீரேரியை வள்ளத்தில் கடந்தே போகமுடியும். அல்லது வயிற்றறைச் சுத்திகரிப்பு (வயிற்றுக்குள் திரவத்தை நிரப்பி, கழிவு ஊறியபின் வடித்தெடுத்தல்). அது மெதுவானது, மின்சாரம் வேண்டாம்.

என் கணவருக்கு இயந்திரத்தில்தான் நம்பிக்கை. "மிசின்தானே டொக்டர் திறம்?"

"கெதியெண்டால் மிசின்தான். ஆனால் இவவின்ரை பிறசர் விழுந்து கிடக்குது. கிளாலியிலை வள்ளத்திலை ஏத்தினால், அக்கரைக்கு உயிரோடை போய்ச் சேருவா எண்டு நான் சொல்லமாட்டன்."

நான் இங்கேயே இருப்பதாகச் சொன்னேன்.

நிரப்புவார்கள், வயிறு கல்லாகும். காத்திருப்போம். வடியும். மறுபடி நிரப்புவார்கள். இயந்திரத்தில் இரத்தம் சுத்திகரித்துக்கொண்ட ஒரு பெண்ணைப் பின்னாளில் சந்தித்தேன். அவர் சில மணிநேரம் தசைப்பிடிப்பில் துடித்து, பிறகு அடித்துப்போட்டதுபோல் உறங்கினாராம். எனக்குத் துடிப்பில்லை, களைப்புக்கும் முடிவில்லை.

இத்தனைக்குப் பிறகும் பொட்டாசியம் (மிகுந்தால் இதயத்தை நிறுத்தக்கூடிய உப்பு) ஏறிக்கொண்டே போனது. குழம்பிய டொக்டர், கட்டிலருகே இருந்த பிளாஸ்கைத் திறந்து மணந்து பார்த்தார். செவ்விளநீர். நீர்க்கடுப்புக்கு ஊரில் எல்லோரும் கொடுப்பதுதான். எனக்கும் நீர் பிரியட்டும் என்று கணவர் நாள்தோறும் கொண்டுவந்தார்.

"மற்றவைக்கு உது மருந்து, ஐயா. இவவுக்கு உதிலை இருக்கிற பொட்டாசியம் நெஞ்சை நிப்பாட்டிப்போடும்."

கணவர் வெளியே போய் அதை ஊற்றிவிட்டு வந்து, வெறும் பிளாஸ்கை மடியில் வைத்துக்கொண்டு இருந்தார். பிறகு மெல்லச் சொன்னார்: "அப்ப நான்தான் உமக்கு ரெண்டாவது புடையன்."

நிரம்பிய வயிறு நோக நோகச் சிரித்தேன்.

மெல்லப் பொட்டாசியம் இறங்கியது. ஒருநாள் காலையில் போத்தலின் அடியில் சிறிது நீர் தேங்கியிருந்தது. அவர் அதை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துக்கொண்டே நின்றார்.

இதே கட்டிலில் கிடப்பவர்களுக்கு நான் சொல்லக்கூடியது குறைவு. உங்கள் உடல் தாங்கும் வழியே உங்களுக்குச் சிறந்த வழி. அன்பாக வரும் எதையும் கேட்டுவிட்டே அருந்துங்கள்.

இப்போது இளநீருக்குத் தடையில்லை. ஆனாலும் கணவர் வெட்டியதை நீட்டுமுன், "குடிக்கலாமோ?" என்கிறார். தலையசைத்து அதை வாங்குமுன், உள்ளே ஏதோ நிரம்பி வடியும்வரை பொறுக்கிறேன். அவரும் பொறுத்து நிற்கிறார்.