எங்க வீட்டு ரத்தம்

முழங்கால் வீங்கினால் யாரையும் உருவ விடாதீர்கள்: ரத்தம் உறையாத நம் கூட்டத்துக்கு இதுதான் முதல் பாடம், எனக்கு அது தெரிந்தபோது உருவி முடித்திருந்தார்கள்.

சுளுக்கு

பத்தாம் வகுப்பில் எங்கள் தோட்டத்து லய வீட்டுப் படியில் கால் மடங்கியது. சுளுக்கு என்று அப்பா யட்டியாந்தோட்டையில் ஒரு சிங்கள வைத்தியரிடம் கூட்டிப்போனார். நல்ல மனுஷன்தான். ஆனால் எண்ணெய் போட்டு உருவ உருவ முழங்கால் பலாப்பிஞ்சு மாதிரி ஆனது. மூன்றாம் நாள் அவரே பயந்து ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். அங்கே ரத்தம் எடுத்த ஊசித்துளை சாயங்காலம் வரை கசிந்தது. அம்மாவின் குடும்பத்தில் இப்படி யாருக்காவது உண்டா என்று டாக்டர் கேட்டார். அம்மா சொன்னது: "தம்பி ஒருத்தன் பல்லு புடுங்குனப்ப ரத்தம் நிக்காம செத்துட்டான். அதுக்கும் இவன் காலுக்கும் என்னங்க?"

கத்தி

ஹீமோபீலியா. ரத்தத்தை உறைய வைக்கிற ஒரு பொருள் என்னிடம் போதாது. மூட்டுக்குள் ரத்தம் இறங்கும்போதெல்லாம் ஆஸ்பத்திரிக்கு ஓடி அதை ஊசியில் ஏற்ற வேண்டும். ஓடி ஓடியே பள்ளிக்கூடம் நின்றுபோச்சு. சும்மா உட்கார முடியாமல் ரப்பர் மரத்தில் பால் வெட்டும் வேலை கேட்டேன். கங்காணி கத்தியைப் பின்னால் மறைத்துக்கொண்டார்: "மரத்துப் பாலாச்சும் மத்தியானத்துல நின்னுரும். நீ கைய வெட்டிக்கிட்டா யாருடா நிப்பாட்டுறது?"

எட்டாம் மாதம்

அக்காவைப் போன வருஷம் கொடகவெலவில் கட்டிக்கொடுத்தோம். இப்போது எட்டு மாதம். இது தாய் வழியாக வருகிற வியாதி, அக்காவையும் சோதிக்க வேண்டும், பிறப்பது பையனாக இருந்து ஆயுதம் போட்டு இழுத்தால் தலைக்குள் ரத்தம் கசியலாம் என்று டாக்டர் அம்மாவிடம் சொல்லியிருந்தார். அம்மா அக்காவிடமே சொல்லவில்லை. மாமியார் வீட்டுக்குத் தெரிந்தால் திருப்பி அனுப்பிவிடுவார்களாம். "ஒங்க அக்கா வாழணும்னா நீ வாயத் தொறக்காத" என்றார்.

பிள்ளை சாகலாம், மானம் போகக்கூடாதா? எனக்கு விளங்கவில்லை. அம்மா மலைக்கு வேலைக்குப் போனதும் மச்சானுக்குப் போன் போட்டு எல்லாவற்றையும் சொன்னேன். மச்சான் சொன்னார்: "கல்யாணத்துக்கு முந்தியே சொல்லியிருக்கணும்டா, ஏமாத்திட்டீங்க. சரி, பேனா எடுத்துட்டேன். டாக்டர்கிட்ட என்னான்னு சொல்லணும்? மெதுவா சொல்லு."

பத்தாம் வகுப்பு முடிக்காத எனக்கு அம்மா கொடுத்தது ஒரே ஒரு வேலை, சும்மா இருப்பது. அதையும் நான் செய்யவில்லை.