மூன்று கிளைகளும் ஒரு முதல் எண்ணும்

பிடித்த கம்பி

கம்ப்யூட்டர்கள் ஒன்றோடொன்று பேசுவதற்கு முன்னால் இரண்டு மனிதர்கள் டெலிபோனில் கத்தியாக வேண்டும். நான் சேலத்திலிருந்து கத்திக்கொண்டிருந்தேன், ஜலகண்டாபுரத்திலிருந்து கிளார்க் செல்வராசு பதிலுக்குக் கத்திக்கொண்டிருந்தார்.

எண்பதுகளின் கடைசி. அது ஒரு பார்சல் லாரி கம்பெனி. தலைமை ஆபீஸ் சேலம். ஜலகண்டாபுரம், சேந்தமங்கலம், நாமக்கல் கிளைகள். எந்த லாரியில் எவ்வளவு இடம் இருக்கிறது என்பது எல்லா ஆபீசுக்கும் உடனே தெரிய வேண்டும். ஒவ்வொரு கிளைக்கும் ஒரு தனி டெலிபோன் லைன், அதன் இரு முனையிலும் மோடம் என்ற பெட்டி. வெள்ளிக்கிழமை காலை மூன்று கிளைகளும் திரையில் பதில் சொல்லவில்லை என்றால் பெட்டிகளைத் திருப்பி அனுப்பிவிடுவதாக முதலாளி சொல்லியிருந்தார். பெட்டிகள் திரும்பி வந்தால் நான் வேலைக்கு வர வேண்டியதில்லை என்று, பெட்டிகளை விற்ற எங்கள் கம்ப்யூட்டர் கம்பெனியின் மேலாளர் சொல்லியிருந்தார். இந்தத் தொழிலில் இருந்தவர்களுக்கு மேற்கொண்டு விளக்க வேண்டாம்.

லைன் அறுபடாமல் இருக்கிறதா என்று பார்க்க, அந்த முனையில் ஒருவர் இரண்டு கம்பிகளையும் சேர்த்துப் பிடிக்க வேண்டும். இந்த முனையில் மீட்டர் வைத்து அளப்போம். "நான் சொல்கிறவரை விடாதீர்கள்" என்றேன். செல்வராசு டெலிபோனை வைத்துவிட்டுப் பிடித்தார். அளந்தேன். சரியாக இருந்தது. அந்தத் திருப்தியில் சாப்பிடப் போய்விட்டேன். திரும்பி வந்து கூப்பிட்டபோது மணி அடித்துக்கொண்டே இருந்தது. கடைசியில் மூட்டை இறக்குகிற ஒருவர் எடுத்தார்.

"அண்ணன் ஒயரைப் புடிச்சுட்டு நிக்கறாருங்க. நீங்க உடச் சொன்னாத்தான் உடுவாராமா."

தூசி

சேலம் ஆபீசில் கம்ப்யூட்டருக்குக் கண்ணாடி அறை. வாசலில் 'செருப்பைக் கழற்றவும்' என்று போர்டு மாட்டியிருந்தேன். முதலாளி உட்பட எல்லோரும் கழற்றினார்கள். நாமக்கல் கிளையைப் பார்த்துக்கொண்ட பழனிசாமி, முதலாளியின் மச்சான், டயர் செருப்போடு நேரே உள்ளே வந்தார். நான் போர்டைக் காட்டினேன். அவர் போர்டைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

"லாரித் தொழிலுங்க இது. தூசி ஆவாதுன்னா பெட்டிய வேற தொழிலுக்குக் கொண்டு போங்க, சாமி."

மூன்றாவது

சேலத்துக் கம்ப்யூட்டர் கிளைகளை வரிசையாகக் கேட்கும்: ஒன்றே, செய்தி உண்டா? இரண்டே, உண்டா? மூன்றே? பிறகு மறுபடி ஒன்று. லைன் கிடைத்த வரிசைப்படி ஜலகண்டாபுரத்துக்கு ஒன்றும் சேந்தமங்கலத்துக்கு இரண்டும் நாமக்கல்லுக்கு மூன்றும் கொடுத்து, ஒரு தாளில் எழுதி எல்லோருக்கும் அனுப்பியிருந்தேன். தாள் அனுப்பியது தவறு.

புதன்கிழமை நாமக்கல் பதில் சொல்லவில்லை. பஸ் ஏறிப் போனேன். மோடம் பீரோவுக்குள் இருந்தது. பீரோ பூட்டியிருந்தது. சாவி பழனிசாமி இடுப்பில் இருந்தது.

"ஏனுங்க, கோயில் நோம்பியில மொதல் மரியாத எங்க ஊட்டுக்குங்க. உங்க பெட்டி மட்டும் எங்களை மூணாவதாக் கேக்குமா?"

ஒரு சுற்று முடிய இரண்டு விநாடிதான் ஆகும், யாருக்கும் வித்தியாசமே தெரியாது என்று விளக்கினேன். பொறுமையாகக் கேட்டார்.

"ரெண்டு விநாடியே ஆவட்டுமுங்க. பந்தியில மொத எல மொத எலதானுங்களே?"

திருத்தம்

நாமக்கல்லுக்கு ஒன்று கொடுத்தேன். பீரோ திறந்தது. அந்தச் செய்தியை ஒரு லாரி டிரைவர் மற்ற இரண்டு ஊருக்கும் கொண்டு சேர்த்துவிட்டார். என் நெட்வொர்க்கைவிட அது நன்றாக வேலை செய்தது. வியாழக்கிழமை காலை சேந்தமங்கலம் எதுவும் சொல்லாமல் பெட்டியை அணைத்துவிட்டது. ஜலகண்டாபுரம் சொல்லிவிட்டு அணைத்தது.

"கையி மரத்துப்போற வரைக்கும் ஒயரைப் புடிச்சது நானுங்க. மொத நெம்பரு அவுங்களுக்குங்களா?" என்றார் செல்வராசு.

வெள்ளிக்கிழமை

வியாழன் மதியம் வேறு வேலை ஓடாமல், மேசையில் கிடந்த லாரிச் சீட்டுகளைப் புரட்டிக்கொண்டிருந்தேன். மூன்று கிளைகளிலிருந்து வந்தவை, மூன்று கையெழுத்து. எல்லாவற்றிலும் முதல் வரியில் பிள்ளையார் சுழி. இரண்டாவது வரியில்தான் கிளையின் பெயர். தன் பெயர் இரண்டாவது வரியில் இருக்கிறதே என்று எவரும் சண்டைக்கு வந்ததாகத் தெரியவில்லை.

முதல் எண்ணைப் பிள்ளையாருக்குக் கொடுத்துவிட்டு மூன்று ஊருக்கும் போன் செய்தேன். இரண்டு யாருக்கு என்று ஒருவரும் கேட்கவில்லை. "அவருக்கு முன்னாலயா நாங்க நிக்கப் போறோம்?" என்றார் பழனிசாமி.

மறுநாள் காலை முதலாளி திரைக்கு முன்னால் உட்கார்ந்தார். ஆங்கில எழுத்தில் நான்கு பெயர்கள். கீழே மூன்று ஊரும் தயார் என்றன. முதல் வரியில் 'பிள்ளையார் – பதில் இல்லை' என்று வந்தது. அடுத்த சுற்றிலும் வந்தது. அவர் விரலை அந்த வரியின் மேல் வைத்தார். நான் விஷயத்தைச் சொன்னேன். அந்தப் பெயரில் பெட்டி எதுவும் கிடையாது, கம்ப்யூட்டர் ஒவ்வொரு சுற்றிலும் பதிலுக்குக் கொஞ்சம் காத்திருந்துதான் மேலே போகும், வேண்டாமென்றால் எடுத்துவிடலாம் என்றேன். அவர் பெட்டிகளை ஏற்றுக்கொள்வதற்கான காகிதத்தை வாங்கிக் கையெழுத்துப் போட்டார்.

"இருக்கட்டுமுங்க. பதில் வரலீங்கறதுக்காகக் கேக்காம இருக்க முடியுமா?"

யார் யாரோடு எப்படிப் பேசுவது என்பதைப் பற்றி என்னிடமிருந்த புத்தகத்தில் நிறைய எழுதியிருந்தார்கள், யாரை முதலில் கேட்பது என்பதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

அன்று பழனிசாமியும் வந்திருந்தார். கண்ணாடி அறைக்குள் இரண்டடி வைத்தவர், திரையின் முதல் வரியைப் படித்தார். வெளியே போய், போர்டுக்குக் கீழே செருப்பைக் கழற்றிவிட்டு வந்து நின்றார்.