ஒரே பையில் வைத்த படங்கள்

கிளிநொச்சியில் பஸ் ஏறி என் பக்கத்தில் இருந்த ஓர் அம்மாவின் மடியில் மூன்று சின்னப் பைகள். வாங்கிய பிஸ்கற்றைக்கூட மூன்றிலும் பிரித்துத்தான் வைத்தார்.

நான் போனில் நண்பனோடு என் மின்னூலைப் பற்றிக் கதைத்துக்கொண்டிருந்தேன். ஓர் இணையக் கடை நன்றாக விற்றுத் தருமாம். ஆனால் வேறெங்கும் விற்கக்கூடாது. "குடுத்திடுவம்" என்று சொல்லிப் போனை வைத்தேன்.

"தம்பி, அந்தக் கடையைப் பூட்டினா என்ன செய்வியள்?"

ஒட்டுக்கேட்டிருக்கிறாரே என்று சுள்ளென்றது. "அது பெரிய கடை அம்மா."

அவர் யன்னலைப் பார்த்தபடி சொன்னார்: "சண்டை நேரம் இடம்பெயரேக்க வீட்டுப் படமெல்லாம் ஒரே பையில வச்சனான். பிரிச்சு வச்சா எங்கையும் தவறிப்போகும் எண்டு பயம். அந்தப் பையே போயிட்டுது. இப்ப, இல்லாமப்போன மகளின்ர முகம் வடிவா ஞாபகம் வருகுதில்லை."

நான் போனைச் சட்டைப்பைக்குள் போட்டேன்.

புளியங்குளத்தில் இறங்க எழும்பும்போது கேட்டார்: "உங்கட புத்தகத்தில எங்கட சனங்களும் வருகினமோ?"

"ஓம்."

"அவ்வளவு பேரையும் அந்த ஒரு கடையிலயோ விடப்போறியள்?"

மூன்று பைகளோடும் இறங்கிப் போனார். பஸ் வெளிக்கிட்ட பிறகுதான், மகளின் பெயரைக்கூட நான் கேட்கவில்லை என்பது உறைத்தது.