ஒரே டிக்கெட் என்று சொல்லி அனுப்பிய இரண்டு டிக்கெட்

வாட்ஸ்அப்பில் ஒன்றன்கீழ் ஒன்றாக இரண்டு டிக்கெட்டுகளை அனுப்பி, அடியில் ஒரு கட்டைவிரலையும் போட்டுவிட்டேன். மாமாவிடமிருந்து உடனே குரல்பதிவு வந்தது. பின்னால் படகு எஞ்சின் இரைந்துகொண்டிருந்தது. "இன்னா மச்சான், ரெண்டு பேப்பர் வந்துகீது? நான் ஒருத்தன்தான வரேன்?" எனக்குச் சிரிப்பு. கல்லூரி முடித்தவன், எதையும் போனிலேயே முடித்துவிடுகிறவன் என்ற மிதப்பு. "ரெண்டும் ஒரே டிக்கெட்டுதான் மாமா. பாம்பேல எறங்கி வேற ஃபிளைட் ஏறணும், அவ்ளோதான். பெட்டி தானா சென்னைக்கு வந்துரும்" என்று பதில் அனுப்பினேன். இரண்டும் வெவ்வேறு கம்பெனி, வெவ்வேறு பதிவு எண். பெட்டி தானாக எங்கும் வராது. அது எனக்குத் தெரியவில்லை. தெரியவில்லை என்பதும் தெரியவில்லை.

மாமா என் அக்காவின் கணவர், கோட்டைக்குப்பத்துக்காரர். வளைகுடாவில் மீன்பிடிப் படகில் வேலை. அவருடைய அப்பா இறந்தபோது லீவு கிடைக்கவில்லை. இப்போது வரத் துடித்ததற்குக் காரணம், அப்பா விட்டுப்போன பாடு. ஏரியில் எந்த இடத்தில், எந்த நாளில், யார் வலை போடலாம் என்று ஊர் கூடி முறை பிரிப்பதற்குத்தான் பாடு என்று பெயர். அப்பன் போனால் மகன் பெயருக்கு மாற்றுவார்கள். ஆனால் மகன் நேரில் வந்து, தன் கையால் கோத்த வலையைக் கோயில் வாசலில் வைத்து நிற்க வேண்டும். அந்த ஞாயிறு காலை பத்து மணிக்கு நிற்காவிட்டால், வரிசையில் காத்திருக்கும் அடுத்தவருக்குப் போய்விடும். ஆறு மாதம் படகில் ஓய்வு கிடைத்தபோதெல்லாம் மாமா ஓர் இறால் வலையைக் கோத்து முடித்திருந்தார். "நைனா சாவுக்குத்தான் வர முடியல. இதுக்கும் வரலன்னா ஊர்ல எவன் மொகத்துல முழிக்கறது?" என்பார்.

இரண்டு விமானத்துக்கும் நடுவில் மூன்றரை மணி நேரம் விட்டிருந்தேன். தாராளம் என்று நினைத்தேன். தவறவிட்டால் காப்பீடு உண்டு என்று ஒரு கட்டம் வந்தது, டிக் போட்டேன். "லேட்டானாக்கூட இன்சூரன்ஸ் இருக்குக்கா, பயப்படாத" என்று அக்காவிடம் பெருமையாகச் சொன்னேன். "அது இன்னாடா குடுக்கும்?" என்று கேட்டாள். விதிகளைத் திறந்துகூடப் பார்க்காமல் போனைப் பையில் போட்டுக்கொண்டேன்.

சனிக்கிழமை பகலில் அக்கா வீட்டில் உட்கார்ந்து போனில் விமானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஏரி கடலோடு சேரும் முகத்துவாரம் மண் மூடிக் கிடந்த மாதம் அது. ஏரி அசையாமல், எண்ணெய் ஊற்றிவைத்ததுபோல் கறுத்திருந்தது. திரையில் அரபிக்கடல்மேல் அந்தச் சின்ன விமானமும் அசையாததுபோல்தான் இருந்தது. தாமதம் நாற்பது நிமிடம் என்று காட்டியது, கொஞ்ச நேரத்தில் எழுபது, கடைசியில் நூறு. அக்கா மீன் ஆய்ந்துகொண்டே ஒவ்வொரு முறையும் என் முகத்தைப் பார்த்தாள். நான் போனைக் கவிழ்த்து வைத்தேன்.

மும்பையில் இறங்கியதும் மாமா, நான் சொன்னபடியே, பெட்டியைத் தேடாமல் வெளியே வந்து டாக்சி பிடித்து அடுத்த முனையத்துக்குப் போய்விட்டார். கவுண்டர் மூடப் பத்து நிமிடம் இருந்தது. அங்கிருந்து கூப்பிட்டார். குரல் தணிந்திருந்தது.

"மச்சான், பெட்டி இங்க வராதாம். நான்தான் எடுத்தாந்துருக்கணுமாம். வலை அதுலதான கீது?"

"பெட்டிய வுடு மாமா. நீ ஏறிடு, அப்புறம் பாத்துக்கலாம்."

"வலைய வுட்டுட்டு வந்து அங்க இன்னாத்த வைக்கறது? கைய வீசிக்கினு போயி நிக்க முடியுமா? வேற வலைய வெச்சா, ஊரான் வூட்டு வலைய வாங்கியாந்தான்னு சொல்லுவானுங்க."

"மாமா, ஃபிளைட் போயிடும்."

"போவட்டும். மீன்காரன் வலைய வுட்டுட்டு வருவானா?"

இணைப்பு அறுந்தது. முதல் முனையத்துக்குத் திரும்பிப் போனவரை மறுபடி உள்ளே விட இரண்டு மணி நேரம் ஆக்கினார்கள். பெட்டி கிடைத்தது. விமானம் போய்விட்டிருந்தது. அடுத்த விமானத்தில் மாற்றிவிடச் சொல்லி முதல் கம்பெனியைக் கேட்டேன். நாங்கள் மும்பைவரை கொண்டுவந்துவிட்டோம், எங்கள் வேலை முடிந்தது என்றார்கள். இரண்டாவது கம்பெனி, பயணி வரவில்லை என்று எழுதிவிட்டது. விடுமுறைக் கூட்டத்தில் மறுநாள் நண்பகல் விமானத்தில்தான் இடம் கிடைத்தது. காப்பீட்டுக்குப் போன் செய்தேன். ஒரு பெண் மிகவும் மரியாதையாகப் பேசினார். "சார், ரெண்டும் தனித்தனி புக்கிங். இந்த கனெக்‌ஷன நீங்களேதான் உருவாக்கியிருக்கீங்க. லேட்டும் நாலு மணி நேரத்துக்கு மேல இருந்தாத்தான் கவர் ஆகும்." அப்புறம்தான் அந்த விதிகளைத் திறந்து படித்தேன். எல்லாம் எழுதித்தான் இருந்தது. ஒருவேளை கொடுத்திருந்தாலும் டிக்கெட் காசைத்தான் கொடுத்திருப்பார்கள். ஞாயிறு காலை பத்து மணியை யாரிடம் போய்க் கேட்பது?

ஞாயிறன்று கோயில் வாசலில் மாமாவின் பெயரை ஊர்த் தலைவர் மூன்று முறை கூப்பிட்டார். அக்கா எழுந்தாள். "அவர் பாம்பேல கீறாரு. சாயங்காலம் வந்துருவாரு. அதுவரைக்கும் நான் நிக்கறேன்."

"பொம்பள நிக்கற வழக்கம் இல்லம்மா."

"மீன வித்துக் குடுக்க மட்டும் பொம்பள நிக்கலாமா?"

யாரோ சிரித்தார்கள். தலைவர் சிரிக்கவில்லை. நான் வாயைத் திறந்தேன். "தம்பி, நீ வேற ஊரு, கம்முனு இரு" என்றார் ஒருவர். என் டிக்கெட்டால் வந்த வினை என்று சொல்லத்தான் எழுந்தேன். அந்த அதட்டல் எனக்கு வசதியாகப் போயிற்று, உட்கார்ந்துவிட்டேன். அடுத்த பெயரைக் கூப்பிட்டார்கள். ஒருவர் வலையோடு முன்னால் வந்தார்.

மாலையில் மாமா பெட்டியோடு வந்து இறங்கினார். ஊரில் கேட்டவர்களிடமெல்லாம் "ஃபிளைட் லேட்டு" என்றார். அக்கா விடவில்லை, என்னைக் காட்டி, "இவன் போட்டதுல எதுனா தப்பா?" என்று கேட்டாள். "அவன் இன்னா பண்ணுவான்? காத்து அப்பிடி" என்றார். பிறகு கரையோரம் என்னைத் தனியாகக் கூட்டிக்கொண்டு போனார். "கவுண்டர்ல அந்தப் பொண்ணு எல்லாம் சொல்லிச்சு மச்சான். ரெண்டும் வேற வேற டிக்கெட்டாமே. உங்கக்காகிட்ட சொல்லிக்காத. அவ உன்னை மன்னிக்க மாட்டா." அவர் திட்டியிருந்தால் திருப்பிப் பேசியிருப்பேன்.

பத்து நாளில் திரும்பிப் போகிறேன் என்றார். நேர் விமானமாகப் பார்த்து, விதிகளை வரி வரியாகப் படித்து, டிக்கெட் எடுத்துக் கொடுத்தேன். "வரதுக்கும் சேத்துப் போடட்டா மாமா?" என்று கேட்டேன். "போறதுக்கு மட்டும் போடு. இங்க வந்து இன்னா பண்ணப் போறேன்?" என்றார்.

மூன்று வருடமாகிறது. அக்காவிடம் தினமும் போனில் பேசுகிறார். வருவதைப் பற்றி மட்டும் பேச்சில்லை. நான் கோட்டைக்குப்பம் பக்கம் போகும்போதெல்லாம் அவள் என்னிடம் ஒரே கேள்விதான் கேட்கிறாள்: "உன்னாண்ட டிக்கெட் எதுனா கேட்டாராடா?"

இன்னும் கேட்கவில்லை. ஏன் என்று நான் அவளிடம் சொல்லவுமில்லை.