வெர்னா திருப்பிக் கொடுத்த பாத்திரம்

ஒரு பழைய டிராக்டர் வாங்கப் போகிறீர்கள். விற்பவரின் கொட்டகைக்குள் நுழைந்ததும் முதலில் எதைத் தொடுவீர்கள்? டயரையா, ஸ்டீயரிங்கையா, அவர் நீட்டுகிற கையையா?

கையைத்தான் தொடுவீர்கள். ரெய்னோ ஹவுட்டலாவும் அதைத்தான் தொட்டான். அவன் மனைவி வெர்னா பக்கத்திலேயே நின்றாள், தடுக்கவில்லை. அதற்குப் பிறகு அவள் எந்த டிராக்டரின் அருகே போனாலும் வலது கையுறையைப் பல்லால் கடித்து உருவிவிட்டு, உள்ளங்கையை எஞ்சின் மேல் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் வாயைத் திறப்பாள்.

மிச்சிகனின் வடகரையில், பெரிய ஏரியின் ஈரக்காற்று நவம்பர் முதல் ஏப்ரல் வரை பனியாகக் கொட்டும் ஆல்டர் பே என்ற ஊர் அவளுடையது. அங்கே முதியோர் இல்லத்தில் காலைச் சமையல் வெர்னாவின் பொறுப்பு. நாற்பது கிழவர்களுக்கு ஆறரை மணிக்குக் கஞ்சி வைக்க வேண்டும். ஊர் நூலகத்தில் அறிவியல் அலமாரியைப் படித்து முடித்துவிட்டு வரலாற்று அலமாரிக்கு நகர்ந்திருந்தாள். கடவுள் நம்பிக்கை கிடையாது. ரெய்னோவின் பாட்டைக் கேட்பதற்காக மட்டும் ஞாயிறுதோறும் சர்ச்சில் மூன்றாவது பெஞ்சில் உட்காருவாள்.

அந்த அக்டோபரில் ரெய்னோவுக்கு அறுபது முடிந்திருந்தது. வீட்டிலிருந்து நெடுஞ்சாலைக்கு நூறு தப்படி தூரம் மண் பாதை, பின்னால் இரண்டு ஏக்கர் புல். கோடையில் புல் வெட்டவும் குளிர்காலத்தில் பனி வாரி வீசவும் ஒரே சிறிய டிராக்டர் போதும் என்று கணக்குப் போட்டான். வயிற்றுக்கு அடியில் புல் வெட்டும் தட்டு, முன்னால் பனி வீசும் புளோயர், நான்கு சக்கர ஓட்டம், பின்சக்கரத்துக்குச் சங்கிலி. இவ்வளவும் உள்ள வண்டி வெண்டல் லகாஸிடம் இருந்தது. ஹவர் மீட்டர் நானூற்றுப் பன்னிரண்டு மணி நேரம் காட்டியது. டிராக்டரின் வயதை வருடத்தில் சொல்ல மாட்டார்கள், ஓடிய மணி நேரத்தில்தான் சொல்வார்கள். நானூறு என்றால் குழந்தை.

அவர்கள் போனபோது வண்டி ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தது.

"குளிர்ல உங்கள நிக்க வெக்கக் கூடாதுன்னு முன்னாடியே ஸ்டார்ட் பண்ணி வெச்சுட்டேன். உள்ள வாங்க, ஜீனி காப்பி போட்டிருக்கா" என்றான் வெண்டல்.

அதை உபசாரம் என்று நினைத்தார்கள். வெண்டலும் சர்ச்சில் அதே வரிசையில், நடைபாதைக்கு அந்தப் பக்கம் உட்காருகிறவன். அந்த ஊரில் உங்களோடு சேர்ந்து பாடுகிறவனின் வண்டிக்கு அடியில் குனிந்து பார்ப்பது அவனை முகத்துக்கு நேரே பொய்யன் என்பதற்குச் சமம். ரெய்னோ குனியவில்லை. கை குலுக்கினான். 'பார்த்தபடி விற்கப்பட்டது', பிறகு குறை கண்டாலும் விற்றவர் பொறுப்பில்லை, என்று எழுதிய தாளில் கையெழுத்துப் போட்டான்.

எஞ்சினைச் சூடாக வைக்கும் ஹீட்டரைக் கரண்டில் செருகி வைத்தவரை வண்டி ஓடியது. ஜனவரியில் ஒரு புயலில் கரண்ட் போயிற்று. மறுநாள் விடியுமுன் ரெய்னோ சாவியைத் திருப்பினான். வண்டி வெள்ளைப் புகையைத் துப்பி, இரண்டு தடவை இருமி, அடங்கிவிட்டது. வெர்னாவின் கிழவர்கள் கஞ்சிக்குக் காத்திருப்பார்கள். ரெய்னோ மண்வெட்டியை எடுத்தான். பாதி தூரம் வெட்டியிருந்தான். பக்கத்துப் பண்ணை நார்பர்ட் தன் பாதையைச் சுத்தம் செய்துவிட்டுத் தன் டிராக்டரோடு வந்து சேர்ந்தபோது, வெர்னா பனியில் மண்டியிட்டுப் புருஷனின் மார்பை அழுத்திக்கொண்டிருந்தாள்.

அடக்கத்தன்று பாஸ்டர் எலிங் சொன்னார்: "ஆண்டவர் தமக்கு உகந்த வேளையில் ரெய்னோவை அழைத்துக்கொண்டார்."

தலைகள் ஆடின. வெர்னாவின் தலை ஆடவில்லை. அதே காலை, அதே குளிர், கரண்ட் இல்லாத நார்பர்ட்டின் கொட்டகையில் அவர் வண்டி ஒரே சாவியில் எழுந்திருந்தது. இரண்டு வண்டிகளில் ஒன்று மட்டும் எழவில்லை என்றால் காரணம் வானத்தில் இல்லை, வண்டியில் இருக்கிறது. இதைச் சிந்திக்க ஒரு சமையல்காரியால் முடிந்தது. இறையியல் படித்தவரால் முடியவில்லை.

வெண்டலின் மனைவி ஜீனி, ஊர் வழக்கப்படி துக்க வீட்டுக்கு உருளைக்கிழங்கும் இறைச்சியும் வேகவைத்த கண்ணாடிப் பாத்திரம் ஒன்று அனுப்பினாள். அடியில் ஒட்டிய பட்டையில் 'லகாஸ்' என்று எழுதியிருந்தது. சாப்பிட்டு, கழுவி, ஒரு மாதத்துக்குள் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்பதுதான் வழக்கம். வெர்னா அதில் இருந்ததைக் குப்பையில் கொட்டினாள். பாத்திரத்தைக் கழுவி அலமாரியில் வைத்துக்கொண்டாள்.

மார்ச்சில் நார்பர்ட்டைக் கூப்பிட்டு வண்டியைப் பிரித்தாள். நார்பர்ட் சுரங்கத்தில் முப்பது வருஷம் மெக்கானிக்காக இருந்தவர்.

"மிதியப் பாரு. ரப்பர் தேஞ்சு இரும்பு தெரியுது. நானூறு மணி நேரத்துல இப்படித் தேயணும்னா ரெய்னோ செருப்புல அரம் கட்டியிருக்கணும்."

"சீட்டு மட்டும் புதுசா இருக்கே."

"மொகத்துக்கு மட்டும் பவுடர் போட்டிருக்கான்."

எஞ்சினில் கம்ப்ரஷன், அதாவது காற்றை அழுத்தித் தீப்பிடிக்க வைக்கும் வலு, பாதிக்குமேல் போயிருந்தது. சூடாக இருந்தால் எழும், குளிர்ந்தால் எழாது. பிறகு நார்பர்ட் அடியில் படுத்து ஹைட்ராலிக் பில்டரைக் கழற்றினார். பில்டரை மாற்றும்போது எத்தனையாவது மணி நேரத்தில் மாற்றினோம் என்று மார்க்கரால் அதன்மேலேயே எழுதி வைப்பது டிராக்டர்காரர்களின் பழக்கம். கண்ணுக்குத் தெரியும் எஞ்சின் ஆயில் பில்டரை வெண்டல் புதிதாகப் போட்டிருந்தான். வயிற்றுக்கு அடியில் இருந்ததை விட்டுவிட்டான். அதில் கறுப்பு மையில் 2640 என்று இருந்தது.

ஏரிக்கரையில் கூடார முகாம் நடத்தும் ஆர்லோ என்ற கிழவர்தான் அந்த வண்டியை முன்பு வைத்திருந்தவர். அந்தக் கையெழுத்து தன்னுடையதுதான் என்றார். "வெண்டலுக்குக் கொடுக்கும்போது ரெண்டாயிரத்துத் தொள்ளாயிரம் ஓடியிருந்துச்சு. அவனுக்கு நல்லாத் தெரியுமே."

வெர்னா வக்கீலிடம் போனாள். அவர் 'பார்த்தபடி' என்ற சொல்லின்மேல் விரலை வைத்துவிட்டுத் தோளைக் குலுக்கினார். ஊரில் சொன்னாள். துக்கம் பேச வைக்கிறது என்றார்கள். ஆர்லோவுக்கு ஞாபக மறதி என்றான் வெண்டல். ஆண்டவரிடம் விட்டுவிடு என்றார்கள். அவள் விடவில்லை. எந்த ஊர் அவனை நம்பியதோ அந்த ஊரின் காதில், ஆண்டவர் அழைத்தார் என்ற பொய் எந்த இடத்தில் சொல்லப்பட்டதோ அதே இடத்தில், ரெய்னோ ஏன் செத்தான் என்பது சொல்லப்பட வேண்டும். அவள் கேட்டது அது ஒன்றுதான்.

மூன்று குளிர்காலம் வெண்டலை விரட்டினாள். அவனிடம் வாங்கப் போகிறவர்களோடு ஒட்டிக்கொண்டு போவாள். ஆனால் அந்த ஊரில் போன் பண்ணாமல் யாரும் யார் வாசலையும் மிதிப்பதில்லை. போன் வந்ததும் வெண்டல் எஞ்சினைச் சூடாக்கிவிடுவான். கூட வெர்னா வருகிறாள் என்று தெரிந்தால், "அந்த வண்டி நேத்துதான் வேற ஆளுக்குப் பேசி முடிச்சேன்" என்பான். ஒரு தடவைகூட அவளால் குளிர்ந்த எஞ்சினைத் தொட முடியவில்லை. தொட்ட ஒவ்வொன்றும் சுட்டது. ஒவ்வொரு சூட்டையும் அவள் மனதில் சேர்த்து வைத்தாள்.

நான்காவது குளிர்காலத்தின் தொடக்கத்தில், ஒரு திங்கட்கிழமை, முதியோர் இல்லத்துக்கு ஜெபிக்க வந்த பாஸ்டர் எலிங் சமையலறைக்குள் எட்டிப் பார்த்தார்.

"சர்ச்சுக்கு ஒரு டிராக்டர் வாங்குறோம், வெர்னா. வாசல் பனிக்கும் கல்லறைத் தோட்டத்துப் புல்லுக்கும். வெண்டல் நமக்குன்னே ஒண்ணு எடுத்து வெச்சிருக்கார். ஐந்நூத்தி முப்பது மணி நேரம்தான் ஓடியிருக்கு."

வெர்னா கஞ்சியைக் கிளறினாள். வாங்கட்டும் என்று தோன்றியது. கரண்ட் போன ஒரு காலையில் இவரும் மண்வெட்டியோடு நிற்கட்டும், யார் யாரை எந்த வேளையில் அழைக்கிறார்கள் என்று பார்க்கட்டும். அந்தக் காட்சி ஒரு நிமிஷம் முழுக்க அவளுக்கு இனித்தது. பிறகு கல்லறைத் தோட்டம் ஞாபகம் வந்தது. வெண்டலின் வண்டி ரெய்னோவின் மேல் புல் வெட்டும். கரண்டியை வைத்தாள்.

"போன் பண்ணிட்டுத்தான் போவீங்களா?"

"பண்ணாமப் போனா மரியாதையா இருக்காதே."

"பன்னெண்டு வருஷமா என் கதவத் திடுதிப்புனு தட்டுறீங்க, நான் நம்பாதவன்னு தெரிஞ்சே. இந்த ஊர்ல சொல்லாமப் போக உரிமை உள்ள ஒரே ஆள் நீங்கதான், பாஸ்டர். நாளைக்குக் காலைல வெண்டல் வீட்டுக்கும் அப்படிப் போங்க. நானும் நார்பர்ட்டும் வரோம். வண்டி குளிர்லயே எழுந்திரிச்சா இந்தப் பேச்ச இனி எடுக்க மாட்டேன்."

"எழுந்திரிக்கலன்னா?"

"அப்ப நான் சொல்றத நீங்க கேக்கணும்."

மறுநாள் கஞ்சியை இன்னொருத்தியிடம் ஒப்படைத்துவிட்டு வெர்னா கிளம்பினாள். ஏழு மணிக்குப் பூஜ்யத்துக்குக் கீழே எட்டு டிகிரி. வெண்டல் வீட்டுச் செருப்போடு, கையில் காப்பிக் கோப்பையோடு வாசலுக்கு வந்தான்.

"அடடே, பாஸ்டர். சொல்லியிருந்தா சூடு பண்ணி வெச்சிருப்பேனே."

"அதான் சொல்லல" என்றபடி காரிலிருந்து இறங்கினாள் வெர்னா.

"இவ எதுக்கு?"

"சமையல்காரிதானே. வெந்திருக்கா வேகலையான்னு தொட்டுப் பாத்துச் சொல்ல வந்தேன்."

கொட்டகையில் கையுறையைக் கடித்து உருவினாள். உள்ளங்கையை வைத்தாள். எஞ்சின் பனிக்கட்டியாக இருந்தது. தோல் ஒட்டிக்கொண்டது. நான்கு வருடமாக அவள் தேடியது அந்தக் குளிர்.

வெண்டல் ஹீட்டர் வயரை எடுக்கக் குனிந்தான். "பத்து நிமிஷம். உள்ள போய் ஒரு வாய் காப்பி..."

வெர்னா வயரை மிதித்துக்கொண்டு நின்றாள். "இது எழுந்திரிச்சா காப்பிய நானே போட்டுத் தரேன்."

பாஸ்டரே ஏறிச் சாவியைத் திருப்பினார். வெள்ளைப் புகை வந்தது, இருமல் வந்தது, பிறகு ஒன்றுமில்லை. மூன்று தடவையும் அதேதான். அந்த இருமல் வெர்னாவுக்குத் தெரிந்த இருமல். அவள் கண்ணை வெண்டலிடமிருந்து எடுக்கவில்லை.

"இந்தக் குளிருக்கு எல்லா வண்டியும் இப்படித்தான்."

"இன்னிக்குக் காலைல என்னோடது எழுந்திரிச்சுதே, வெண்டல். ராத்திரி முழுக்க வெளியிலதான் நின்னுது" என்றபடி நார்பர்ட் டார்ச்சோடு தரையில் படுத்தார். "என்னைத் திருப்பித் தூக்க ஆள் ரெடியா இருங்கப்பா." அடியிலிருந்து குரல் வந்தது. "எழுதியிருக்கு. மூவாயிரத்து... நூத்தி அஞ்சு."

பாஸ்டர் மீட்டரைப் பார்த்தார். ஐந்நூற்று முப்பது.

"முன்னாடி வெச்சிருந்தவன் என்ன கிறுக்கினானோ, எனக்கு எப்படித் தெரியும்?" என்றான் வெண்டல்.

வெர்னா தன் காரிலிருந்து கண்ணாடிப் பாத்திரத்தை எடுத்து வந்து பானெட் மேல் வைத்தாள். அதற்குள் பழைய பில்டர், 2640 மேலே தெரிய இருந்தது.

"பாத்திரத்தத் திருப்பித் தரணும்ல. லேட்டாயிடுச்சு, ஜீனிகிட்ட சொல்லு. இது ரெய்னோ வண்டியோடது. அந்த வண்டிய முன்னாடி வெச்சிருந்தவர் வேற, இந்த வண்டிய முன்னாடி வெச்சிருந்தவர் வேற. ரெண்டு பேரும் ஒரே மாதிரியா கிறுக்குனாங்க?"

வெண்டல் பாத்திரத்தைச் சாய்த்து அடியில் இருந்த பட்டையைப் பார்த்தான். காப்பிக் கோப்பையை எங்கே வைப்பதென்று தெரியாமல் சீட்டின் மேல் வைத்தான்.

"எல்லா வண்டிக்கும் இல்ல" என்றான். "சிலதுக்குத்தான் மீட்டர் மாத்தினேன். ரெய்னோ செத்துப் போவான்னு நான் நெனச்சேனா?"

"அதைத்தான் நீ நெனச்சிருக்கணும்."

பாஸ்டர் மெல்ல இறங்கினார். "வெர்னா, அவர் ஒத்துக்கிட்டார். இனி மன்னிக்கறதுதான்..."

"மன்னிக்க வரல, பாஸ்டர். பாத்திரம் தர வந்தேன். நான் சொல்றதக் கேக்கறேன்னீங்க. ஞாயித்துக்கிழமை அதே இடத்துல நில்லுங்க. ஆண்டவர் அழைக்கலன்னு சொல்லுங்க. யார் பண்ணினதுன்னு சொல்லுங்க."

"அது... அவர் குடும்பம் அங்க உட்கார்ந்திருக்குமே."

"நானும் உட்கார்ந்திருந்தேன்."

ஞாயிறன்று வெர்னா மூன்றாவது பெஞ்சில் உட்கார்ந்தாள். பாஸ்டர் எலிங் தாளைப் பார்க்காமல் சொன்னார்: "ரெய்னோ ஹவுட்டலாவை ஆண்டவர் அழைத்தார் என்று இங்கே நின்று சொன்னேன். தவறு. அவர் ஏன் இறந்தார் என்று நான் கேட்கவே இல்லை. வெண்டல் லகாஸ் அந்த வண்டியின் மீட்டரை மாற்றி விற்றார். என்னிடமே ஒப்புக்கொண்டார்."

வெண்டல் எழுந்தான். வரிசையில் இருந்தவர்கள் முழங்காலை ஒதுக்கி வழிவிட்டார்கள், எப்போதும்போல மரியாதையாக. யாரும் அவன் முகத்தைப் பார்க்கவில்லை. வெர்னா மட்டும் கதவு மூடும்வரை அவன் முதுகைப் பார்த்தாள். ஒரு அங்குலம் விடாமல் பார்த்தாள்.

அடுத்த கோடையில் அவன் முற்றத்தில் விற்காமல் நின்ற வண்டிகளின் இடையே இடுப்பளவு புல் வளர்ந்தது. வாரம் ஒருமுறை வெர்னா அந்தப் பக்கம் வேகத்தைக் குறைத்து ஓட்டிப் போனாள். மனசு அமைதியாச்சா என்று நார்பர்ட் கேட்டார்.

"அமைதியா? ரெய்னோ வந்துட்டானா?" என்றாள். "ஆனா அந்தப் புல்லு நல்லா இருக்கு, நார்ப்."

ரெய்னோவின் டிராக்டரை அவள் விற்கவில்லை. நெடுஞ்சாலையோரம், தன் பாதையின் முனையில் நிறுத்தி, ஒரு பலகை எழுதி மாட்டியிருக்கிறாள்: 'இது 412 மணி நேரம் என்று விற்கப்பட்டது.' பனி மூடும்போதெல்லாம் அவளே போய்ப் பலகையைத் துடைத்துவிட்டு வருகிறாள்.

நீங்கள் வாங்கப் போகும்போது சொல்லாமல் போங்கள். கையுறையைக் கழற்றி எஞ்சினைத் தொடுங்கள். சூடாக இருந்தால் நன்றி சொல்லிவிட்டு மறுநாள் விடியற்காலையில் மறுபடி வாருங்கள். மிதியைப் பாருங்கள், அடியில் படுத்துப் பில்டரில் எழுதியிருப்பதைப் படியுங்கள். அங்கே கண்டதை உங்களோடு வைத்துக்கொள்ளாதீர்கள். அடுத்து வாங்கப் போகிறவரிடம், விற்றவனின் பெயரோடு, உரக்கச் சொல்லுங்கள்.